ஊர் முழுக்க இசை கேட்கிறது, எனக்கு மட்டும் ஒரு டிரம்மர் கிடைக்கவில்லை

மூன்றாம்நரம்பு எழுதியது:

வேலை மாற்றலாகி இந்த நகரத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பதினோரு வருடமாகக் கிதார் வாசிக்கிறேன். சொந்தமாக ஒன்பது பாடல்கள் இருக்கின்றன, எல்லாம் கைப்பேசியில் பதிவு செய்து வைத்த நிலையில். பழைய ஊரில் குழு இருந்தது. இங்கே யாரையும் தெரியாது.

மூன்று இடங்களில் விளம்பரம் போட்டேன். "டிரம்ஸ், பாஸ், கீபோர்டு, பாடகர் தேவை. எல்லா வகை இசையும். ஆர்வம்தான் முக்கியம்." பதினான்கு பேர் பதில் எழுதினார்கள். ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள். வந்தவர்கள் மூன்று பேர். முதலாமவர் வாத்தியத்தை உறையிலிருந்து எடுக்கும் முன்பே இணையத்தில் என்னை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்டார். இரண்டாமவர் அருமையான கீபோர்டு கலைஞர், ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அவருக்கு ஓய்வு. மூன்றாமவர் டிரம்மர். இரண்டு மணி நேரம் இடித்துத் தள்ளினார், "பிரமாதம், அடுத்த வாரம் சந்திப்போம்" என்று கைகுலுக்கினார், அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை.

நடந்து போனால் ஒவ்வொரு மாடியிலும் யாரோ சாதகம் செய்கிறார்கள். இவர்கள் எல்லாம் எங்கேதான் ஒளிந்திருக்கிறார்கள்? ஆள் சேர்ப்பதற்கு உருப்படியான வழி இருந்தால் சொல்லுங்கள்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

உங்கள் விளம்பரத்தைப் படித்தேன். நான் பாஸ் வாசிப்பவன், இருபது வருடமாக. படித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"எல்லா வகை இசையும்" என்று எழுதினால் உங்களுக்கு எது பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணத் தரகரிடம் "எந்தப் பெண்ணாக இருந்தாலும் சரி" என்று சொல்வது போல இருக்கிறது. 1986-ல் பாஸ்டன் நகரத்தில் பிக்ஸீஸ் குழு பாஸ் வாசிப்பவர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தது. இரைச்சல் கிதாருக்குப் பேர்போன ஹஸ்கர் டூ, மெல்லிய நாட்டார் பாடல்கள் பாடும் பீட்டர், பால் அண்ட் மேரி, இந்த இரண்டும் பிடித்த ஆள் வேண்டும் என்பது நிபந்தனை. பதில் எழுதியவர் ஒரே ஒருவர், கிம் டீல். அதுவரை அவர் பாஸ் வாசித்ததே இல்லை. தன் சகோதரியிடம் ஒரு பாஸ் கிதாரை இரவல் வாங்கித்தான் தொடங்கினார். ஒரே பதில், ஆனால் சரியான பதில். உங்களுக்குப் பதினான்கு வந்து என்ன ஆயிற்று?

விளம்பரத்தில் நான் தேடுவது இவைதான். கேட்பதற்கு ஒரு பதிவு வேண்டும், கைப்பேசியில் எடுத்ததே போதும், உங்கள் கை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் சரி. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு. நகரத்தின் எந்தப் பக்கம். சொந்தப் பாடல்களா, மற்றவர் பாடல்களா. மேடை ஏறும் எண்ணம் உண்டா, வீட்டுக்குள்ளேயே வாசித்து மகிழ்வதா. பாடுபவர் எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதியில் பாடுவார். இந்தக் கடைசி விஷயத்தை யாருமே எழுதுவதில்லை, அதுதான் எனக்கு முதலில் வேண்டியது. உங்கள் ஒன்பது பாடல்களும் எத்தனை கட்டையில் இருக்கின்றன?

பழையமத்தளம் எழுதியது:

விளம்பரத்தைத் திருத்தி எழுதுவது, ஓட்டைப் பானைக்கு வெள்ளையடிப்பது போலத்தான். தம்பி, எழுந்து வெளியே போங்கள்.

ஒத்திகை அறை வாடகைக்கு விடும் இடத்தில் சாவிக்கொத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். எந்தக் குழு பிரியப்போகிறது, எந்த டிரம்மர் எந்தக் கிதார்காரரோடு பேச்சை நிறுத்திவிட்டார், யார் நேரத்துக்கு வருகிறார், யார் அறையைக் குப்பையாக விட்டுப் போகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். அவரை அடுத்தபடி வாத்தியம் பழுதுபார்ப்பவர். அவரிடம் வரும் கிதாரின் கழுத்தில் உள்ள உலோகக் கம்பிப் பட்டைகள் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே உரிமையாளர் எவ்வளவு வாசிக்கிறார் என்று சொல்லிவிடுவார். மேடைகளில் மைக் வைத்து ஒலி அமைப்பவர் மூன்றாமவர். இந்த மூவரிடமும் ஆள் கேட்காதீர்கள். மாதம் நான்கு முறை போய் நில்லுங்கள், கம்பி மாட்டுங்கள், அடுத்தவர் ஸ்பீக்கரைத் தூக்க ஒரு கை கொடுங்கள். அவர்களே உங்களைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வார்கள்.

பீட்டில்ஸ் குழுவின் லெனனும் மெக்கார்ட்னியும் 1957 ஜூலை 6 அன்று ஒரு தேவாலயத் திருவிழாவில் சந்தித்தார்கள். இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவர் அறிமுகம் செய்து வைத்தார். நடுவில் எந்த விளம்பரமும் இல்லை.

சுவரொட்டி எழுதியது:

மத்தளத்தாருக்கு வணக்கம். ஒரு கதையை வைத்து ஊரையே முடிவு கட்டலாமா? யூ2 என்ற ராக் குழு பிறந்ததே ஒரு சீட்டில்தான். 1976-ல் டப்ளினில் லாரி மலன் என்ற பதினான்கு வயதுப் பையன் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சீட்டு. முதல் ஒத்திகை அவன் வீட்டுச் சமையலறையில். 1968-ல் பிரையன் மே லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பலகையில் மிட்ச் மிட்செல், ஜிஞ்சர் பேக்கர் பாணியில் வாசிக்கும் டிரம்மர் வேண்டும் என்று ஒட்டினார். வந்தவர் ராஜர் டெய்லர். பின்னால் அந்த இருவரும் குயின் குழுவில் இருந்தார்கள். 1981-ல் லாஸ் ஏஞ்சலிஸ் செய்தித்தாளில் லார்ஸ் உல்ரிச் என்ற டிரம்மர் கொடுத்த வரி விளம்பரம் மெட்டாலிகா குழு ஆனது. போதுமா?

பழையமத்தளம் எழுதியது:

போதாது. ஒட்டிய சீட்டுகளில் ஜெயித்தவற்றை மட்டும் எண்ணுகிறீர்கள். மழையில் நனைந்து கிழிந்தவற்றை யார் எழுதி வைத்தார்கள்? இன்னொன்று, பள்ளிக்கூடப் பலகையும் கல்லூரிப் பலகையும் ஒரே வயதுப் பிள்ளைகள் தினமும் கடந்து போகும் இடம். அங்கே ஒட்டியதும் ஒருவகையில் நேரில் போய் நின்றது போலத்தான். மிட்ச் மிட்செல் என்று பெயர் போட்டுக் கேட்டதைப் பார்த்தால், விளம்பரத்தில் ரசனையைத் தெளிவாக எழுத வேண்டும் என்று கீழ்ஸ்தாயி சொன்னது மட்டும் சரி.

ஈரக்குச்சி எழுதியது:

டிரம்மர் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்பவர்கள் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, கீழ்வீட்டாரோடு பேசிவிட்டுப் போக வேண்டும்.

கிதார் பழக ஒரு மூலை போதும். டிரம்ஸ் பழக ஓர் அறை வேண்டும், அந்த அறைக்குச் சுவர் வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் நல்ல மனிதர்கள் வேண்டும். அதனால்தான் நாங்கள் எண்ணிக்கையில் குறைவு. இருப்பவர்கள் மூன்று நான்கு குழுக்களில் ஒரே நேரத்தில் வாசிக்கிறோம். உங்களைத் தொலைபேசியில் தவிர்த்த அந்த ஆளும் அப்படித்தான் இருப்பார். அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை, "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எங்களைப் பிடிக்க வழி எளிது. டிரம்ஸ் உள்ள ஒத்திகை அறையை நீங்களே பதிவு செய்து, "குச்சியோடு வாருங்கள், மற்றதெல்லாம் அங்கே இருக்கிறது" என்று எழுதுங்கள். ஏழு உருப்படிகளை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி, வண்டியில் ஏற்றி, பூட்டி, பிரித்து, மறுபடி ஏற்றுவதற்குள் பாதி ஆசை போய்விடும். ஸ்னேர் என்ற சிறு முரசும் சிம்பல் என்ற உலோகத் தட்டும் மட்டும் கொண்டுவரச் சொன்னால் அது நியாயம், அவை எங்கள் கைக்குப் பழகியவை.

காதை மறக்காதீர்கள். சின்ன அறையில் டிரம்ஸ் நூறு டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 88-க்கு நான்கு மணி, 94-க்கு ஒரு மணி, 100-க்குப் பதினைந்தே நிமிடம். இரண்டு மணி நேரம் "இடித்துத் தள்ளினார்" என்றீர்களே, அன்று இரவு காதில் ரீங்காரம் கேட்டதா? கேட்டிருந்தால் அடுத்த முறை காதடைப்பான் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். எனக்கு இடது காதில் பன்னிரண்டு வருடமாக ஒரு வண்டு குடியிருக்கிறது.

வெண்கலக்குரல் எழுதியது:

ஆண்கள் எல்லாம் பலகையா திருவிழாவா என்று சண்டை போடுகிறீர்கள். நான் பாடகி. இந்த நகரத்தில் "பெண் பாடகி தேவை" விளம்பரங்களுக்குப் பத்து முறையாவது பதில் எழுதியிருக்கிறேன். அதில் நான்கு பேர் குரல் பதிவைக் கேட்பதற்கு முன் புகைப்படம் கேட்டார்கள். ஒருவர் முதல் ஒத்திகையைத் தன் வீட்டில், இரவு ஒன்பது மணிக்கு வைத்தார். வேறு யார் வருகிறார்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை.

ஆகவே விளம்பரம் எழுதுபவர்களுக்கு: முதல் சந்திப்பு ஆள் நடமாட்டமுள்ள ஒத்திகை அறையில், பகல் நேரத்தில். யார் யார் வருவார்கள் என்பதை முன்பே எழுதுங்கள். "தோழியையும் அழைத்து வரலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் உங்களுக்கு வரும் பதில்கள் மாறிவிடும். நம்பாவிட்டால் சேர்த்துப் பாருங்கள்.

கட்டை விஷயம். கிதார்காரர்களுக்கு மூன்று கட்டையும் ஆறு கட்டையும் கைக்குச் சுகம், திறந்த கம்பிகள் அங்கே இருக்கின்றன. அந்தச் சுகத்துக்காக என் தொண்டை கிழிய வேண்டுமா? நான் நிம்மதியாகப் பாடுவது ஐந்தரையில். ஒருமுறை ஒரு குழு எல்லாப் பாடல்களையும் தங்கள் கட்டையிலேயே பழகி முடித்துவிட்டு, கடைசியில் என்னைக் கூப்பிட்டது. மேல்ஸ்தாயியில் கத்தினேன், "உணர்ச்சி போதவில்லை" என்றார்கள். பாட்டு குரலுக்காகக் கட்டை மாற வேண்டும், கிதாரின் கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற கருவி இருப்பதே அதற்காகத்தான்.

மூன்றாம்நரம்பு எழுதியது:

ரீங்காரம் கேட்டது, மறுநாள் மதியம்வரை. எனக்கு அது இவ்வளவு தீவிரமானது என்று தெரியாது.

விளம்பரத்தை மாற்றி எழுதிவிட்டேன். பாடல்கள் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு கட்டையில் இருக்கின்றன. நான்தான் பாடுகிறேன், சுமாராக. வேறு பாடகர் வந்தால் மாற்றிக்கொள்வேன். கேள்வி: ஆள் வந்தபின் முதல் ஒத்திகையில் என்ன செய்வது? போன முறை "சும்மா ஏதாவது வாசிப்போம்" என்று தொடங்கி இரண்டு மணி நேரமும் ஒரே தாளத்தில் போயிற்று.

கீழ்ஸ்தாயி எழுதியது:

"சும்மா ஏதாவது" என்பது நெடுநாள் சேர்ந்து வாசித்தவர்களுக்கு. புதியவர்களை அது நான்கு தனித்தனி சாதகமாக மாற்றிவிடும்.

மூன்றே பாடல்கள். ஒரு வாரம் முன்பே பதிவை அனுப்புங்கள், கட்டையும் வேகமும் எழுதி. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த எளிய பாட்டு, ஒன்று உங்களுடையது, ஒன்று வருபவர் சொல்வது. இந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், அதில்தான் அந்த ஆளின் ரசனை வெளியே வரும். எல்லோரும் ட்யூனர் என்ற சுருதி காட்டும் கருவியில் 440 ஹெர்ட்ஸ் வைத்துச் சுருதி சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். யாராவது "காதால் சேர்த்துவிட்டேன்" என்று சொன்னால் புன்னகைத்துவிட்டு ட்யூனரை நீட்டுங்கள்.

நான் என்ன பார்ப்பேன் தெரியுமா? பாட்டு அனுப்பியும் கேட்காமல் வருபவர் யார். தவறு நடந்த இடத்தில் யார் மற்றவர் முகத்தைப் பார்க்கிறார், யார் தன் கையைப் பார்க்கிறார். பாடுபவர் வாய் திறந்ததும் யார் ஒலியைக் குறைக்கிறார். கடைசிதான் எனக்குப் பெரிது. விரல் வேகத்தைப் பிறகு வளர்த்துக்கொள்ளலாம். ஒலியைக் குறைக்காத மனிதரை நான் இருபது வருடத்தில் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அன்றே முடிவும் சொல்ல வேண்டாம், மறுநாள் எழுதுங்கள், இல்லை என்றாலும் எழுதுங்கள்.

நான்குதந்தி எழுதியது:

கர்நாடக இசை பழகியவர்களையும் யாராவது குழுவுக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வந்தேன். நாங்கள் வராததற்குக் காரணம் தலைக்கனம் என்று நினைக்கிறார்கள். பாதி நேரம் சுருதிதான் காரணம்.

என் வயலினை ச-ப-ச-ப என்று சேர்ப்பேன். மேற்கத்திய முறையில் பழகியவருக்கு நான்கு தந்திகளும் ஐந்தாம் சுர இடைவெளியிலேயே ஏறிக்கொண்டு போகும். என்னிடம் நடுவில் ப-விலிருந்து ச-வுக்கு இடைவெளி குறைவு. குழுவில் முதல் நாள், பாட்டு மூன்று கட்டை. என் வயலின் இரண்டரையில் இருந்தது. அரைக் கட்டை ஏற்றினேன், சரி. அடுத்த பாட்டு ஆறு கட்டை என்றார்கள். அவ்வளவு தூரம் முறுக்கினால் தந்தி அறும். கடைசியில் கிதார்காரர் கேப்போவை நகர்த்தி எனக்குப் பக்கமாக வந்தார்.

அதைவிட வேடிக்கை காந்தாரம், அதாவது 'க' சுரம். நான் அதைக் கமகத்தோடு அசைக்கிறேன். கீபோர்டு கலைஞர் அதே காந்தாரத்தைக் கார்டுக்குள், அதாவது சேர்த்து அழுத்தும் சுரங்களுக்குள், நேராகப் பிடித்து வைத்திருக்கிறார். இரண்டும் உரசி, பல்லில் மணல் கடிபட்டது போல ஒரு சத்தம். இருவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டோம். அரை மணி நேரம் கழித்து அவருக்கே தோன்றியது: நடுவிரலை எடுத்துவிட்டார். ச-வும் ப-வும் மட்டும். தம்புரா போலப் பின்னால் நின்றது, என் காந்தாரம் தாராளமாக நடமாடியது. அந்த விரலை எடுத்த நாளில்தான் அவரோடு நீண்ட காலம் வாசிக்கலாம் என்று முடிவு செய்தேன்.

புதியவன்2 எழுதியது:

ஏன் இவ்வளவு அலைச்சல்? எல்லோரும் வீட்டிலிருந்தே காணொலி அழைப்பில் சேர்ந்து வாசிக்கலாமே?

ஈரக்குச்சி எழுதியது:

முயன்று பாருங்கள், இரண்டாவது அடியிலேயே தெரியும். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் அடி உங்களுக்கு ஏறக்குறைய 29 மில்லிவினாடி தாமதமாகக் கேட்கும். 25, 30 மில்லிவினாடியைத் தாண்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து தாளம் இழுபட ஆரம்பிக்கும். சாதாரண காணொலி அழைப்பில் தாமதம் அதைப்போலப் பல மடங்கு. போதாததற்கு உங்கள் சிம்பலை இரைச்சல் என்று நினைத்து அந்தச் செயலி அழித்துவிடும்.

ஜாமுலஸ், ஜாக்ட்ரிப் என்று இதற்கென்றே எழுதிய இலவச மென்பொருள்கள் உண்டு. ஒரே நகரத்துக்குள், கம்பி இணைப்பும் ஹெட்போனும் இருந்தால் ஓரளவு நடக்கும். நான் புதுப் பாட்டின் அமைப்பைப் பேசிக்கொள்ள மட்டும் பயன்படுத்துகிறேன்.

கைவிட்டசரணம் எழுதியது:

யாரும் தொடாத விஷயம் ஒன்று. பாட்டு யாருடையது?

என் பழைய குழுவில் பல்லவியும் சரணமும் நான் எழுதியவை. மெட்டுக்கு நடுவில் வரும் கிதார் பகுதியை மட்டும் இன்னொருவர் போட்டார். குழு பிரிந்த ஆறு மாதத்தில் அந்தப் பாட்டு அவர் பெயரில் மட்டும் வெளியே வந்தது. ஆள் பெயர் வேண்டாம். என் கையில் எழுத்தாக ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

லெனனும் மெக்கார்ட்னியும் யார் எழுதினாலும் இருவர் பெயரும் என்று தொடக்கத்திலேயே பேசிக்கொண்டார்கள். குயின் குழுவினர் நெடுங்காலம் தனித்தனிப் பெயரில் போட்டுவிட்டு, 1989-ல் வந்த தொகுப்பிலிருந்துதான் எல்லாவற்றையும் குழுவின் பெயரில் போட ஆரம்பித்தார்கள். எந்த வழியாக இருந்தாலும் நான்காவது ஒத்திகைக்கு முன் பேசிவிடுங்கள். பாட்டு வாரியாக, தேதி போட்டு, எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல். நட்பு இருக்கும்போது கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், அது போன பிறகு கேட்டுப் பயன் இல்லை.

சுவரொட்டி எழுதியது:

வருந்துகிறேன். ஆனால் முதல் நாளே ஒப்பந்தக் காகிதத்தை நீட்டினால் ஓடிப்போவார்கள்.

கைவிட்டசரணம் எழுதியது:

அதனால்தான் நான்காவது என்றேன்.

பழையமத்தளம் எழுதியது:

மூன்றாம்நரம்பு தம்பி, யார் வேண்டுமானாலும் ஏறி வாசிக்கலாம் என்று விடும் திறந்த மேடைக்குப் போனீர்களா இல்லையா? போனால் மூன்று விஷயம். மேடை ஏறும் முன்பே சுருதி சேர்த்துவிடுங்கள், மைக்கின் முன் நின்று முறுக்கிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு பாட்டு என்றால் இரண்டுதான். வாசித்து முடித்ததும் கிதாரைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், கடைசி ஆள் வாசிக்கும்வரை உட்காருங்கள். கிளம்பிப் போகிறவனை எந்த டிரம்மரும் தேடி வருவதில்லை.

மூன்றாம்நரம்பு எழுதியது, ஏழு வாரம் கழித்து:

நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா.

திருத்திய விளம்பரத்துக்கு இரண்டே பதில். ஒன்று சரிவரவில்லை, மறுநாளே எழுதிச் சொல்லிவிட்டேன். அவரும் நன்றி சொன்னார். இரண்டாவது ஒரு வயலின் கலைஞர், ச-ப-ச-ப ஆசாமி. நான்குதந்தி எழுதியதை முன்பே படித்திருந்ததால் ட்யூனரை மேசைமேல் வைத்துவிட்டு முதல் கேள்வியாக அவர் சுருதியைக் கேட்டேன். கண்கள் விரிந்துவிட்டன. மூன்று பாட்டையும் அவருக்கு ஏற்ற கட்டைக்கு நகர்த்தினோம். ஒரு பாட்டில் கேப்போ நான்காம் கட்டத்துக்குப் போய்விட்டது, கிதார் பொம்மைக் கிதார் மாதிரி ஒலித்தது, ஆனாலும் பாட்டு நன்றாக இருந்தது.

டிரம்மர் வேறு வழியில் வந்தார். திறந்த மேடைக்கு ஐந்து முறை போனேன். நான்காவது முறை ஒலி அமைப்பவருக்குக் கம்பி சுருட்ட உதவிக்கொண்டிருந்தேன். நான் முழங்கையில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் வந்து, "அப்படிச் சுற்றினால் உள்ளே முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும்" என்று கையிலிருந்து வாங்கி, ஒரு வளையம் மேலாக, ஒரு வளையம் கீழாகச் சுற்றிக் காட்டினார். அவர்தான் டிரம்மர். அறையை நான் பதிவு செய்தேன், குச்சியும் ஸ்னேரும் அவர் கொண்டுவந்தார். ஸ்னேர்மேல் ஒரு துவாலையை விரித்துப் போட்டுத்தான் வாசித்தார். நான் பாட ஆரம்பித்ததும் பெரிய சிம்பலிலிருந்து ஹைஹாட் என்ற சிறு இரட்டைத் தட்டுக்கு இறங்கினார். கேட்காமலே.

இன்னும் பாஸ் இல்லை. கீழ்ஸ்தாயி, உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை மாலை ஏழு மணி, ஆற்றுக்குத் தெற்குப் பக்கம், மூன்று பாட்டு, பதிவு இணைப்பில் இருக்கிறது.

கீழ்ஸ்தாயி எழுதியது:

கேட்டேன். இரண்டாவது பாட்டுக்கு மட்டும் கட்டை எழுதவில்லை.